கூடைக்குள்ள கிடக்கு

அண்ணாச்சி, செத்த இந்தப் பக்கம் வாங்க. மரத்துக்கு இந்தப் பக்கம். அங்கன நின்னா மேட்டுல இருந்து வாரவங்களுக்குத் தெரிஞ்சிரும். ஆமா, உங்களத்தான் கூப்பிடுதேன். தமிழ்தானே? குளத்துக்கிட்ட நின்னு போன்ல, "சங்கரன்கோயில்ல மழையா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தீயள்லா? ஒட்டுக்கேக்கல. காதுல விழுந்துச்சு.

சங்கரன்கோயில்ல எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலயா? அங்க முக்குல ஒரு சர்பத் கடை இருக்குமே, கடைக்காரர் பேரு என்ன? ஞாபகம் இல்லையா? பரவால்ல. சட்டுன்னு பேரச் சொல்லியிருந்தீயன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கேள்வி கேக்கதுக்கு முன்னாலயே பதில் ரெடியா வச்சிருக்கவன்தான் டிக்கெட் எடுக்காதவன்.

தப்பா நினைக்காதீய, என் தொழில் அப்படி. நான் கோயில்பட்டி. பேரு அய்யாத்துரை. கவர்மெண்டு பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். நடுவழியில கைய நீட்டி பஸ்ஸ நிப்பாட்டி ஏறி, ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டே போவோம்லா, அந்த சோலி. இங்க மக வீட்டுக்கு வந்திருக்கோம், நானும் எங்க வீட்டம்மாவும். நீங்க வந்து எத்தன நாளாச்சு? போன வாரம்தானா? இந்தப் பார்க்குக்கு இன்னைக்குத்தான் மொத வாட்டியா? உங்கள இங்க யாரும் பாத்ததில்லையே? நல்லது. உக்காருங்க. இந்த வேர்ல உக்காரலாம், நான் தட்டிவிட்டுட்டேன். உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். அவங்க இப்பத்தான் மூணாவது கூடைக்குப் போயிருக்காங்க. இந்த ஏழாவதுக்கு வரதுக்கு நேரம் இருக்கு.

கூடைன்னா என்னன்னு பாக்கீயளா? அன்னா பாருங்க. புல்லுக்கு நடுவுல ஒரு இரும்புக் கம்பி நட்டு, மேல சுத்திச் சங்கிலியத் தொங்கவிட்டு, அடியில ஒரு கூடை வச்சிருக்கான்லா? வந்த புதுசுல நான் பறவைக்குத் தீனி வைக்கதுன்னு நினைச்சேன். அதில்ல. தூரத்துல ஒரு சிமெண்டுத் தரை போட்டிருக்கும். அங்க நின்னு ஒரு பிளாஸ்டிக் தட்ட எறியணும். அது விழுந்த இடத்துக்கு நடந்து போயி, அங்க இருந்து மறுபடி எறியணும். கடைசியில சங்கிலியில அடிச்சு கூடைக்குள்ள விழணும். எத்தன எறியில விழுந்துச்சுங்கதுதான் கணக்கு. கம்மியா எறிஞ்சவன் கெட்டிக்காரன். இப்படி பார்க்கு முழுக்க, காட்டுக்குள்ள எல்லாம், பதினெட்டுக் கூடை. டிஸ்க் கோல்ஃபுங்காங்க. வளந்த மனுசங்க, தாடி வச்சவங்க, பேரன் எடுத்தவங்க எல்லாம் சனிக்கிழம விடிஞ்சதும் வந்து தட்டு எறியுதாங்க. இத நீங்க நம்புதீயளா? நான் நம்பல.

என் மக புருசன் இந்தக் கூட்டத்துல ஒரு ஆளு. மாதேஷ். தருமபுரிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. இங்க எல்லாரும் அவர மேட்டுன்னு ஒரு இங்கிலீசுப் பேரு வச்சுக் கூப்பிடுதாங்க. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு கேட்டேன். "அவங்க வாயில நுழைய மாட்டேங்குது மாமா"ன்னாரு. மாதேஷே நுழையாத வாயில வேற என்னதான் நுழையும்?

நாங்க பாத்து முடிச்ச சம்பந்தம் இல்ல அது. அவளாப் பாத்துக்கிட்டா. நான் இங்க வந்ததே ஆள எடைபோடத்தான், உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. என் மக நல்லா இருக்காளா, இல்ல ஏமாந்துட்டாளா, அது எனக்குத் தெரியணும். ஒத்தப் பிள்ள அண்ணாச்சி. செண்பகவல்லி. அவள விட்டா எனக்கு வேற யாரு?

வீட்டுக்குள்ள ஒரு குத்தமும் பிடிபடல. அதான் எனக்கு உறுத்திச்சு. மனுசன் பாத்திரம் கழுவுதாரு. சத்தம் போட்டுப் பேசல. எங்க வீட்டம்மாவுக்கு முட்டுவலின்னு வெந்நீர்ப் பை வச்சுக் குடுக்காரு. காலையில நான் எந்திரிக்கதுக்குள்ள காப்பி போட்டு மூடி வச்சிருக்காரு. ஒரு பஸ்ஸு இவ்வளவு ஒழுங்கா வந்து நின்னா நான் கட்டாயம் ஏறிப் பாப்பேன். ஏறிப் பாக்கணும்.

சனிக்கிழம ஆனாப் போதும், ஒரு பைய முதுகுல மாட்டிக்கிட்டு கிளம்பிருவாரு. மத்தியானம் வருவாரு. பேண்டு பூரா ஒட்டுமுள்ளு. முழங்கையில சிராய்ப்பு. மூஞ்சியில மட்டும் அப்படி ஒரு சந்தோசம். கல்யாணமான ஆம்பள வெளிய போயிட்டு இவ்வளவு சந்தோசமாத் திரும்பி வந்தா என்ன அர்த்தம்? மககிட்ட கேட்டா, "பார்க்குக்குப் போறாருப்பா, தட்டு எறிய"ங்கா. எங்க வீட்டம்மாகிட்ட சொன்னா, "உங்களுக்குப் பொழுது போகலன்னா இந்தப் பட்டாணிய உரிங்க"ங்கா. அவளுக்கு அந்தப் பிள்ளையக் கண்டா உச்சி குளுந்து போகும். சந்தேகப்படத் தெரியாதவ. கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னையவே சந்தேகப்பட்டது இல்லன்னா பாத்துக்கிடுங்க.

ஆவணி பிறந்த நேரம். "நானும் வாரேன்"னுட்டேன் ஒரு சனிக்கிழம. மழுப்புவாருன்னு நினைச்சேன். "நிஜமாவா மாமா?"ன்னு உள்ள ஓடிப் போயி ஒரு ஜோடி ஷூ கொண்டாந்தாரு. புதுசு. போட்டுப் பாத்தா என் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. என் கால் அளவு அவருக்கு எப்படித் தெரியும்? அப்ப முன்னாலேயே வாங்கி வச்சிருக்காரு. நான் ஒருநாள் வருவேன்னு முன்னாலேயே எதிர்பாத்திருக்காரு. எப்படி ஏற்பாடு பாத்தீயளா?

இங்க வந்தா, ஒரு லாரி மாதிரி கார்ல ஒரு தடியன். பேரு டக்கு. தாடி நெஞ்சு வரைக்கும் கிடக்கு. கூட அவன் பெண்டாட்டி டீனா. டக்கு கார் டிக்கியத் தொறக்கான், உள்ள வரிசையா தட்டு அடுக்கி இருக்கு, கலர் கலரா. அதுல ஒண்ண எடுத்து நம்ம ஆளு கையில குடுக்கான். காசு வாங்கல. "எதுக்குக் குடுக்கான்?"னு கேட்டேன். "போன வாரம் நான் தொலைச்சது மாமா. அவன் கண்டெடுத்திருக்கான். பின்னாடி என் பேரும் நம்பரும் எழுதியிருக்கும்ல"ன்னாரு. காட்டுக்குள்ள கண்டெடுத்தத எவனாவது பேரப் பாத்து திருப்பிக் குடுப்பானா? எங்க டிப்போவுல குடைய மறந்து வச்சா கூரை நனையுததுக்குள்ள காணாமப் போயிரும்.

இன்னொண்ணு கேளுங்க. ஒருத்தன் எறியப் போறான்னா மத்தவங்க மூச்சு விட மாட்டாங்க. அப்படியே கல்லு மாதிரி பின்னால நிப்பாங்க. அதுக்கும் மேல, இந்த ஆட்டத்துல கேக்குததுக்கு ஆளே கிடையாது அண்ணாச்சி. அம்பயர் இல்ல, செக்கர் இல்ல, ஒரு விசில் இல்ல. அவனவன் கணக்க அவனவனே சொல்லுதான். நாலுன்னா நாலு, அஞ்சுன்னா அஞ்சு. ரெண்டாவது கூடையில அந்த டக்கு எறிஞ்சுட்டு, தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "என் கால் கோட்டத் தாண்டிருச்சு, இந்த எறி செல்லாது"ன்னு சொல்லுதான். யாரும் பாக்கல. நானே பாக்கல. தன் குத்தத்த தானே வந்து சொல்லுத ஆள என் சர்வீஸுல நான் பாத்ததே கிடையாது. இவன் வேற எதையோ பெரிசா மறைக்கான்னு அப்பவே குறிச்சுக்கிட்டேன்.

எனக்கும் ஒரு தட்டு குடுத்தாங்க. எறிஞ்சேன். நேரா டென்னிஸ் ஆடுத இடத்துக்குள்ள போயிருச்சு. அதுக்கும் மூணு பேரும் கைதட்டுதாங்க. நம்ம ஆளு ஓடிப்போயி எடுத்துட்டு வந்து, "மணிக்கட்ட மட்டும் சுண்டுங்க மாமா, கைய வீசாதீங்க"ங்காரு. அடுத்தது கொஞ்சம் நேராப் போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அது காத்துல போற போக்கு இருக்கே, நம்ம கைய விட்டுப் போனது மாதிரியே இருக்காது. சரி, அத விடுங்க. நான் விளையாடவா வந்தேன்?

இந்த ஏழாவதுக்கு வந்தோம். இதுல ஒரு கஷ்டம். எறியுத இடம் அந்த மேட்டுக்கு அங்கிட்டு இருக்கு. அங்க நின்னா கூடை கண்ணுக்குத் தெரியாது. தட்டு வந்து இந்த இலைக்குள்ள சொருகிட்டா பொழுதுக்கும் தேடணும். அதனால ஒருத்தர் முன்னாலயே வந்து கூடைக்கிட்ட நின்னு, எங்க விழுதுன்னு பாத்துச் சொல்லணும். "மாமா, நீங்க போய் நின்னு பாக்கறீங்களா? உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு செண்பகா சொல்வா"ன்னாரு. சரின்னேன். "பைய நான் தூக்கிட்டுப் போறேன்"னேன். எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மனுசன் ஒரு நிமிசம் கூட யோசிக்கல, கழட்டிக் குடுத்துட்டாரு.

அன்னா, கூடைக்கு அங்கிட்டு ஒரு கல்லு கிடக்குல்லா, அதுல உக்காந்து பையத் தொறந்தேன். செக்கர் வேலைதான். பெரிய அறையில தட்டு, ஒரு துண்டு, தண்ணி பாட்டில். சரி. பக்கத்து அறையத் தொறந்தா, என் மாத்திரை! என் பிரஷர் மாத்திரை அண்ணாச்சி. மத்தியானம் போடுதது ஒரு அட்டை. நான் மறந்து வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன், இங்க பாத்தா அவர் பைக்குள்ள இருக்கு. அதுக்குக் கீழ என் மப்ளர். அதுக்குக் கீழ நம்ம ஊரு கடலைமிட்டாய் ஒரு பொட்டலம். இவரு கடலைமிட்டாய் திங்க மாட்டாரு, பல்லுல ஒட்டும்பாரு. என் மாத்திரை அவர் பைக்குள்ள ஏன் இருக்கணும்? யாரு எடுத்துக் குடுத்தா? என்கிட்ட ஏன் சொல்லல? அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன், ஜல்லுன்னு ஒரு சத்தம்.

நிமிந்து பாத்தா சங்கிலி ஆடுது. கூடைக்குள்ள ஆரஞ்சுக் கலர்ல ஒரு தட்டு.

அவரு மேடு ஏறி வாராரு. "எங்க மாமா விழுந்துச்சு?"ன்னு கேக்காரு. நான், "கூடைக்குள்ள கிடக்கு"ன்னேன். கவனிங்க. விழுந்துச்சுன்னு நான் சொல்லல. கிடக்குன்னுதான் சொன்னேன். அதுல நான் கரெக்டு.

எறியுத இடத்துல இருந்து ஒரே எறியில கூடைக்குள்ள போறது லேசுப்பட்ட காரியம் இல்லையாம். ஏஸுன்னு அதுக்குப் பேரு. சில பேரு ஆயுசு பூரா ஆடியும் ஒண்ணு கூட விழாதாம். இவருக்கு இதான் மொதல்ல விழுந்தது. மனுசன் கத்துதாரு பாருங்க, அப்படிக் கத்துதாரு. தொப்பியத் தூக்கி எறிஞ்சுட்டு நேரா என்கிட்ட ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்னைய யாரு அண்ணாச்சி அப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கா? என் மக சின்னப் பிள்ளையில பிடிச்சிருப்பா. நான் பைய ஜிப்பு போட்டேனா போடலையான்னுதான் என் நினைப்பு பூரா.

இப்பத்தான் விசயமே. ஏஸு விழுந்தா இவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அப்ப கூட இருந்தவங்க எல்லாரும் அந்தத் தட்டுல கையெழுத்துப் போடணும். அப்புறம் அந்தத் தட்ட எறிய மாட்டாங்க, வீட்டுச் செவுத்துல மாட்டிருவாங்க. டக்கு ஒரு பேனாவ எடுத்து பெரிசா கிறுக்குதான். டீனா போடுதா, பக்கத்துல ஒரு பூ வேற வரையுதா. ரெண்டு பேரையும் ஓரத்துல போட வச்சுட்டு, நடுவுல இடம் விட்டு என்கிட்ட நீட்டுதாரு. "இது உங்களுக்கு மாமா. நீங்கதான பக்கத்துல நின்னு பாத்தது. இந்தக் கையெழுத்துதான் எனக்கு முக்கியம்"ங்காரு.

"நான் பாக்கல"ன்னேன்.

"என்ன மாமா?"

"சத்தம் கேட்டேன். திரும்பிப் பாத்தா கிடந்துச்சு. விழுந்தத நான் பாக்கல. பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது"ன்னேன்.

சரிதானே? நீங்க சொல்லுங்க. சர்வீஸு பூரா கண்டக்டர் நீட்டுத தாள்ல ஆள எண்ணாம, டிக்கெட்டப் பாக்காம ஒரு நாள் கையெழுத்துப் போட்டது கிடையாது. பெரிய பெரிய ஆளெல்லாம் கெஞ்சியிருக்கான். மகாராஜனே வந்து நின்னாலும் அய்யாத்துரை பாக்காமப் போட மாட்டான்னு எங்க டிப்போவுல பேரு. அத ஒரு பிளாஸ்டிக் தட்டுக்காக நான் விடவா?

அவரு சிரிச்சாரு. சிரிப்பு வாயில மட்டும் இருந்துச்சு. பேனாவ மூடி, தட்ட பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. டக்கு ஏதோ கேட்டான், இவரு இங்கிலீசுல ஏதோ சொன்னாரு, டக்கு என் தோள்ல தட்டிக் குடுத்தான். என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்கு ஒரே குடைச்சல். வீட்டுக்கு வந்து மகள விட்டுக் கேக்கச் சொன்னேன். என்ன சொன்னாராம் தெரியுமா? "மாமா வாசிக்குத கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாரு, அதான் எழுத முடியல"ன்னாராம். கண்ணாடி என் சட்டைப் பைக்குள்ளயே இருந்துச்சு அண்ணாச்சி! பச்சப் பொய். பாத்தீயளா, பிடிச்சுட்டேம்லா?

அதச் சொன்னதுக்குத்தான் என் மக பிடிச்சா ஒரு பிடி. அடுப்ப அணைச்சுட்டு வந்து எதுக்க நிக்கா. "அப்பா, அவர் உங்க மானத்தக் காப்பாத்தச் சொன்னது அது. உங்களுக்கு அதுவும் குத்தமா?"ங்கா. "நான் பாக்கலட்டி. பாக்காததுக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "நிறுத்துங்க. அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க"ன்னா.

அன்னைக்குன்னா, அவ கல்யாணத்தன்னைக்கு. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வச்சு நடந்துச்சு. சாட்சிக் கையெழுத்துக்கு என்னையக் கூப்பிட்டா. போனேன். போகாம இல்ல, தருமபுரி வரைக்கும் பஸ் ஏறிப் போனேன். வாசல்ல நின்னு பையனப் பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். என் மூஞ்சியப் பாக்கல. தலையக் குனிஞ்சு நிக்கவன் எத்தன பேரப் பாத்திருக்கேன்? "இந்தப் பையன எனக்குத் தெரியாதும்மா. தெரியாத ஆளுக்கு நான் எப்படி சாட்சி போட?"ன்னுட்டு வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டேன். எங்க மச்சினன் போட்டான். அவன் எதுல வேணும்னாலும் போடுவான்.

"அன்னைக்கு அவர் தலையக் குனிஞ்சு நின்னது உங்க மேல இருந்த பயத்துல. இத்தன வருசமா உங்க கையால ஒரு கையெழுத்து வாங்கிரணும்னு ஆசப்பட்டாரு. அதுக்குப் போயி..." அவ்வளவுதான் சொன்னா, அழுதுட்டா. எனக்கு அவ அழுதா தாங்காது. அது அவளுக்கும் தெரியும்.

மாத்திரைக்கும் பதில் வந்துச்சு. எங்க வீட்டம்மா சொல்லுதா, "வெளிய போகும்போது மாமா மறந்துருவாருன்னு அந்தப் பிள்ளதான் என்கிட்டக் கேட்டு வாங்கி வச்சுச்சு. மப்ளரும்தான். உங்களுக்குப் பசி தாங்காதுன்னு மிட்டாய் வேற. ஒரு கையெழுத்துப் போட்டா உங்க விரலு தேஞ்சா போயிரும்?"ங்கா. சரி, நல்ல எண்ணத்துலதான் எடுத்திருக்காருன்னே வைங்க. எடுக்கத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடுக்கணும்லா? அதச் சொன்னா எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு சொல்லுதா.

அதுல இருந்து அவரு மாறவே இல்ல அண்ணாச்சி. அதான் தாங்க முடியல. கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா நாமளும் வீம்பா இருக்கலாம். அதே காப்பி. அதே "வாங்க மாமா, சாப்பிடுங்க மாமா". மாத்திரையக் கூட இப்ப என் கையில குடுத்து, "எண்ணிக்கிடுங்க மாமா"ங்காரு. நக்கலுக்குச் சொல்லுதாரா, மரியாதைக்குச் சொல்லுதாரான்னு கண்டுபிடிக்க முடியல. இத்தன மூஞ்சி பாத்தவனுக்கு அந்த ஒரு மூஞ்சி பிடிபட மாட்டேங்குது. சனிக்கிழம மட்டும் என்னையக் கூப்பிடுதது இல்ல, இன்னைக்கு நானாத்தான் அவருக்குத் தெரியாம வந்து நிக்கேன். அந்த ஷூ வாசல்ல அப்படியே கிடக்கு. தட்டையும் செவுத்துல மாட்டல. பைக்குள்ளயே வச்சிருக்காரு, இன்னைக்கு அவரு குளிக்கப் போனப்போ பாத்தேன். நடுவுல காலியா அந்த இடம் அப்படியே இருக்கு. டக்கு பேரு இந்தப் பக்கம், டீனா பேரு அந்தப் பக்கம். பாக்கவே என்னவோ போல இருந்துச்சு.

நானும் இறங்கிப் போகாம இல்ல. ஒருநாள் பேனாவ எடுத்துக்கிட்டு அவர் ரூமுக்குப் போனேன். "குடுங்க, போட்டுருதேன்"னேன். எந்திரிச்சு நின்னாரு. "வேணாம் மாமா. பாக்காததுக்கு நீங்க போட மாட்டீங்க. அது உங்க குணம். எனக்காக அத மாத்திக்க வேணாம்"ன்னாரு. என்ன அர்த்தம் இதுக்கு? என்னைய மதிச்சுச் சொன்னாரா? இல்ல, உன் கையெழுத்து எனக்கு வேண்டாம் போன்னு சொன்னாரா? நல்லவன் மாதிரி கதவச் சாத்திட்டாரோன்னு தோணுது. நான் பேனாவப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய?

வார புதன்கிழம எங்களுக்கு ஃபிளைட்டு. இனி அடுத்த சனிக்கிழம நான் இங்க இல்ல. எங்க வீட்டம்மா அடுத்த வருசமும் வருவா. என்னைய யாரும் கூப்பிடுவாங்கன்னு தோணல. கூப்பிட்டாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? என் மக ஏர்போர்ட்டுல கையக் காட்டுவா, அவரு பெட்டியத் தூக்கி வைப்பாரு, "பாத்துப் போங்க மாமா"ம்பாரு. அதோட முடிஞ்சிரும். அத நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது அண்ணாச்சி.

அதான் உங்களக் கூப்பிட்டேன்.

பெரிசா ஒண்ணும் இல்ல. பதறாதீய. நீங்க போன வாரம் வந்தீயன்னு இங்க யாருக்கும் தெரியாது. ஆவணியில இருந்தே இந்த ஊர்லதான் இருக்கீய. அன்னைக்கு இந்த மரத்தடியில உக்காந்திருந்தீய. மேட்டுக்கு அங்கிட்டு இருந்து ஒரு ஆரஞ்சுத் தட்டு வந்து, சங்கிலியில அடிச்சு, கூடைக்குள்ள விழுந்தத உங்க கண்ணால பாத்தீய. கல்லு மேல பையத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு கிழவன் உக்காந்திருந்தத வேணும்னா சேத்துச் சொல்லிக்கிடுங்க, நம்புத மாதிரி இருக்கும். இவ்வளவு விவரமா உங்ககிட்ட நான் வேற எதுக்குச் சொன்னேன்?

பொய்தான். இல்லன்னு சொன்னேனா? ஆனா தட்டு விழாம எப்படி உள்ள போயிருக்கும், நீங்களே சொல்லுங்க. காக்காயா கொண்டாந்து போட்டுச்சு? விழுந்துச்சு. விழுந்தது எனக்குத் தெரியும். பாத்த ஆளு ஒருத்தர் சாட்சி சொல்லிட்டாருன்னா, அத வச்சு நான் போட்டுருவேன். ஒரு ஆதாரம் இருந்தாத்தான நான் போட முடியும்? அவரும் வேண்டாம்னு சொல்ல வழியில்ல.

அவரு நம்புவாரா? நம்புவாரு. யாரு என்ன சொன்னாலும் நம்புத ஆளு அவரு. என் மக எப்படி இவரோட காலம் தள்ளப் போறாளோன்னு எனக்கு அதுவே ஒரு கவலை. உங்களுக்கு மூஞ்சியும் நல்லா வாச்சிருக்கு. பொய் சொல்லுத களையே இல்ல.

அன்னா, சத்தம் கேக்கு பாத்தீயளா? டக்கு சிரிப்பு அது. மேட்டுக்கு வந்துட்டாங்க. பேனா இருக்கு, நான் வச்சிருக்கேன். எந்திரிங்க, மெல்ல நடந்து கூடைக்கிட்டப் போவோம். இப்பத்தான் பேச்சுவாக்குல தெரிஞ்ச மாதிரி இருக்கணும். அவர் முன்னால நான் உங்கள அதட்டித்தான் கேப்பேன். கண்ணால பாத்தீயளா, எங்கன நின்னீய, வெயில் எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு மாத்தி மாத்திக் கேப்பேன். எனக்கு அப்படித்தான் கேக்க வரும். பயந்துராதீய அண்ணாச்சி. நான் எப்படிக் கேட்டாலும், பாத்தேன்னு மட்டும் சொல்லிருங்க.